பதினோராவது பையன்

ஹார்லோ, ஓஹையோ
1986 ஜூன் 2

அன்புத் தம்பி லூயிஸுக்கு,

நானும் உன் அண்ணியும் கடவுள் புண்ணியத்தில் நலம். வெரோனாவின் முழங்கால் மட்டும் அவளைவிட அதிகமாகப் பேசுகிறது. நீ, டார்லீன், பயல் பிரையன் மூவரும் சுகமா? எங்கள் வீட்டுப் போனை வெட்டிவிட்டார்கள். இனி என் குரலைக் கேட்கிற கஷ்டம் உனக்கில்லை, கையெழுத்தைத்தான் சகிக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதக் கடைசியில் இரும்பாலையில் மிச்சமிருந்த ஒரே உலையையும் அணைத்துவிட்டார்கள். அது போகட்டும், இரும்பு யாருக்கோ சொந்தம். ஆனால் சிறுவர் அமெரிக்க ஃபுட்பால் லீக் நம் அப்பா ஆரம்பித்தது. 1953-ல் அவர் வேலை முடிந்து வந்து, உலைக் கசடு கொட்டுகிற மேட்டை மண்வெட்டியால் சமன் செய்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அந்த மைதானத்துக் கசடு இன்னும் என் முட்டித் தோலுக்குள் கறுப்பாக இருக்கிறது. ஆலையின் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அணி. அப்பன் எந்தப் பிரிவில் வேலை பார்க்கிறானோ, பையன் அந்த அணிக்குத்தான் தலைக்கவசம் மாட்ட வேண்டும். நிலக்கரி வேகிற கோக் அடுப்பை மூடினார்கள், அந்த அணி போயிற்று. ரயில் யார்டு போயிற்று. இரும்பைத் தகடாக்குகிற உன் உருட்டாலையை மூடினபோது நீயும் போனாய், அந்த அணியும் போயிற்று. இப்போது எல்லாப் பையன்களும் சேர்ந்து 'உலை' என்று ஒரே ஓர் அணி, ஆற்றோர ஊர்களோடு ஆடுகிறோம்.

அதற்கும் ஆபத்து. என்னிடம் பத்துப் பையன்கள்தான் இருக்கிறார்கள். ஆகஸ்ட் நான்காவது சனிக்கிழமை பையன்களை எடை பார்த்துச் சேர்க்கிறார்கள். பதினோரு பேர் தராசில் ஏறாவிட்டால் ஆற்றோர ஊர்களின் சங்கம் நம் ஊர் லீக்கைப் பட்டியலிலிருந்து அடித்துவிடும். பையன் இந்த ஊரில் தூங்கி எழுகிறவனாக இருக்க வேண்டும் என்பது விதி. என் வீட்டில் ஓர் அறை காலியாகக் கிடக்கிறது. பிரையனுக்குப் பன்னிரண்டு வயது. இந்த ஒரு சீசனுக்கு அவனை எங்களிடம் அனுப்பு. அப்பாவின் பேரன் ஆடி லீக் பிழைத்தது என்று நாலு பேர் சொல்லட்டும்.

வெரோனா உங்கள் எல்லோரையும் கட்டிக்கொண்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் அண்ணன்,
எமில்

ஹூஸ்டன்
1986 ஜூன் 19

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் ஒருவாறு இருக்கிறோம். அண்ணியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாள் டார்லீன். எனக்குக் கிடங்கு வேலை நிலையாக இருக்கிறது. வெயில்தான் தாங்க முடியவில்லை.

பிரையனை அனுப்புவது பற்றி உடனே ஒன்றும் சொல்ல முடியவில்லை. பையன் ரொம்ப இளைத்துவிட்டான். எடை வராது என்று நினைக்கிறேன். அதனால் என்னை நம்பி இருக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். முட்டிக்குள் கசடு இருக்கிறது என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தான். "பெரியப்பாவ இன்னும் எழுதச் சொல்லுங்கப்பா, தாத்தா கதையெல்லாம் எழுதச் சொல்லுங்க" என்றான். நேரம் கிடைத்தால் எழுதுங்கள்.

அன்புடன் தம்பி,
லூயிஸ்

ஹார்லோ
1986 ஜூன் 27

லூயிஸுக்கும், முக்கியமாகப் பிரையனுக்கும்,

நலம். நலம்தானே?

எடை வராதாம். யாரிடம் கதை விடுகிறாய்? டேய் பிரையன், உன் அப்பன் யோக்கியதையைக் கேள். நம் லீக்கில் எண்பது பவுண்டுக்குக் குறைந்தாலும் ஆட முடியாது, நூற்றுப் பதினைந்துக்கு மேல் போனாலும் ஆட முடியாது. கசாப்புக் கடை ஹவ்ரானின் தராசைத்தான் சனிக்கிழமை காலையில் மைதானத்துக்குத் தூக்கி வருவார்கள். 1957-ல் உன் அப்பன் எழுபத்தாறு பவுண்டுதான். என்ன செய்தான் தெரியுமா? தூண்டிலுக்குப் போடுகிற ஈயக்குண்டுகளை ஜட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்து நின்றான். முள் எண்பத்தொன்றைக் காட்டியது. அப்பா "ஒரு குதி குதிடா" என்றார், அவ்வளவுதான். இவன் குதித்தான். உருட்டாலை, யார்டு என்று எல்லா அணியும் பார்த்துக்கொண்டிருக்க, குண்டு ஒவ்வொன்றாகக் கால்வழியே உருண்டு வந்தது. ஹவ்ரான் சிரித்த சிரிப்பில் தொப்பியே விழுந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க அவனுக்கு வாழைப்பழமும் தண்ணீரும்தான். அடுத்த சனிக்கிழமை நேர்மையாக எண்பது காட்டி ஆடினான்.

ஆகவே ஒல்லிக்குச்சி, உனக்கும் அதே வைத்தியம். காலையில் வாழைப்பழம். மதியம் உருளைக்கிழங்கு. தராசில் ஏறுவதற்கு முன் வயிறு முட்டத் தண்ணீர், ஆனால் ஒண்ணுக்கு அடக்க வேண்டும், அதுதான் கலை. இங்கே வந்தால் பெரியம்மா வெண்ணெயில் வதக்கிய முட்டைக்கோசும் நூடுல்ஸும் செய்து போடுவாள். இரண்டே வாரத்தில் உன்னை உருட்டித்தான் மைதானத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

பெரியப்பா,
எமில்

ஹூஸ்டன்
1986 ஜூலை 20

அண்ணனுக்கு வணக்கம்.

பதில் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். கொஞ்சம் அலைச்சல். நீங்கள் இருவரும் நலமென்று நம்புகிறோம்.

ஈயக்குண்டு கதையை இதுவரை எத்தனை தடவை வாசித்தேனோ தெரியாது. வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டான், மானம் போயிற்று. வாழைப்பழம் சாப்பிடுகிறான், நீங்கள் சொன்னீர்கள் என்பதற்காக. முழுதாக இறங்குவதில்லை. வெயிலுக்கு மொட்டை அடித்துவிட்டோம்.

எந்த இடத்தில் அவனை நிறுத்துவீர்கள் என்று கேட்கச் சொன்னான்.

லூயிஸ்

ஹார்லோ
1986 ஜூலை 29

என் அருமைப் பயல் பிரையனுக்கு,

மொட்டையா? பிரமாதம். தலைக்கவசம் நன்றாகப் பிடிக்கும். முடி வைத்திருக்கிற பயல்களுக்குத்தான் கழன்று கழன்று விழுகிறது.

உனக்கு இடது கோடி. ஓரமாக நிற்க வேண்டும், ஒன்றுமே தெரியாத அப்பாவி மாதிரி. பந்து பின்னால் போனதும் ஒரே ஓட்டம். டுவேன் பெல் எறிவான், நீ பிடிப்பாய். டுவேனின் அப்பா என்னோடு உலையில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர். பயலுக்குக் கை நீளம், வாய் அதைவிட நீளம். "பெரிய பட்டணத்துலேர்ந்து வர்றவன் பந்தப் பிடிப்பானா, இல்ல அழுவானா?" என்று கேட்கிறான். நீயே வந்து பதில் சொல்லிக்கொள்.

லூயிஸ், அவன் பெயரைப் பட்டியலில் பதினோராவதாக எழுதிவிட்டேன். அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. ஆகஸ்ட் பதினைந்துக்குள் பஸ் ஏற்றிவிடு. உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெரோனா அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். "அவர் எதையோ சொல்லாம விடறார்" என்றாள். உனக்கு எப்போதும் சந்தேகம் என்று அதட்டிவிட்டு வந்தேன்.

எமில்

ஹார்லோ
1986 ஆகஸ்ட் 18

லூயிஸுக்கு,

பஸ்ஸும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. மூன்று நாளாகப் பஸ் நிலையத்தில் போய் நின்றுவிட்டு வருகிறேன், பைத்தியக்காரன் மாதிரி.

அனுப்ப இஷ்டமில்லை என்றால் ஜூன் மாதமே சொல்லியிருக்கலாம். நான் வேறு வழி பார்த்திருப்பேன். எடை வராது, வெயில், அலைச்சல் என்று மென்று முழுங்கிக்கொண்டே இருந்தாய். ஊரை விட்டுப் போனவனுக்கு ஊர் எதற்கு? அப்பா எதற்கு? சனிக்கிழமை பத்துப் பயல்களும் நிற்கப்போகிறார்கள், பதினோராவது இடத்தில் காற்று நிற்கும். அவர்கள் முகத்தில் நீயா விழிக்கப்போகிறாய், நான்தானே?

உன் பிள்ளையை நீயே பொத்திப் பொத்தி வைத்துக்கொள். ஒரு கீறல்கூட விழாமல் பத்திரமாக வளர்த்துக்கொள். இதற்கு மேல் உனக்கு எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

எமில்

ஹூஸ்டன்
1986 ஆகஸ்ட் 24

அண்ணா,

உங்கள் கோபம் நியாயம். உட்கார்ந்து படியுங்கள், அண்ணியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரையனுக்கு ரத்தப் புற்றுநோய். பிப்ரவரியிலேயே தெரிந்துவிட்டது. நான் மொட்டை அடிக்கவில்லை அண்ணா, மருந்தில் முடி கொட்டிவிட்டது. ஜூனிலிருந்து பாதி நாள் ஆஸ்பத்திரியில்தான், அதன் பெயரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இப்போது அறுபத்து மூன்று பவுண்டு இருக்கிறான். டாக்டர்கள் இன்னொரு மருந்து தருகிறார்கள், ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

முதல் கடிதத்துக்கே சொல்லியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன். அதற்குள் அதை அவனுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன், அவன் சிரித்தான். நான்கு மாதமாக அவன் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. இங்கே வருகிற எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள், தலையைத் தடவுகிறார்கள். டார்லீனும் நானும் வெளியே போய் அழுதுவிட்டு உள்ளே வருகிறோம். அவனைத் திட்டுகிற, அவனுக்கு அடுத்த சனிக்கிழமை ஒன்று இருக்கிறது என்று நம்புகிற ஒரே ஆள் நீங்கள்தான். உங்களிடம் சொன்னால் நீங்களும் எங்களைப் போல ஆகிவிடுவீர்கள் என்று பயந்தேன். லீக்கைவிட, உங்களைவிட, அவன் சிரிப்பு எனக்குப் பெரிதாகப் போய்விட்டது.

கடைசிக் கடிதத்தை அவனுக்கு வாசிக்கவில்லை. வெற்றுத் தாளைப் பார்த்து நானே எதையோ இட்டுக்கட்டிச் சொன்னேன். "இது பெரியப்பா எழுதின மாதிரி இல்லயே" என்றான்.

இப்போது வராதீர்கள். நீங்கள் வந்து நின்றால் அவனுக்குப் புரிந்துவிடும். எழுதுங்கள் அண்ணா. முன்பு மாதிரியே எழுதுங்கள். இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

லூயிஸ்

ஹார்லோ
1986 ஆகஸ்ட் 29

தம்பி,

இந்தத் தாள் உனக்கு மட்டும். இன்னொரு தாள் அவனுக்கு.

நான் எழுதின கடைசிக் கடிதத்தைக் கிழித்துப் போடு. பொத்தி வை, கீறல் விழாமல் வளர்த்துக்கொள் என்று எழுதினேனே, அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. நேற்று வெரோனா மாதா கோயிலுக்குப் போய், அவன் இருக்கிற ஆஸ்பத்திரிப் பெயரையும் சொல்லி, எல்லோரிடமும் வேண்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தாள். என்னைப் பார்த்து, நான் அப்போதே சொன்னேன் என்று அவள் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

லீக் போய்விட்டது. சனிக்கிழமை பத்துப் பேரும் ஏறி இறங்கினார்கள். சங்கத்து ஆள் நல்ல மனுஷன், மதியம் வரை காத்திருந்தார். ஹவ்ரான் தன் பேத்தியை ஏற்றிவிடவா என்றுகூடக் கேட்டுப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. பயல்கள் தலைக்கவசத்தைக் கழற்றி வரிசையாகப் புல்லில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கு அதற்காக அழுதேன், உன்னையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

டுவேன் குடும்பம் இன்று காலை வண்டியில் சாமான் ஏற்றிக் கிளம்பிவிட்டது. ஃபுளோரிடாவில் வேலையாம். ஆனால் பிரையனுக்கு அவன் பெயர் தெரியும், அதனால் நம் அணியில் அவனே எறியட்டும். லீக் போனது பயலுக்குத் தெரிய வேண்டாம். நான் எழுதுகிறேன். அதைவிடச் செய்ய எனக்கு என்ன இருக்கிறது?

எமில்

(அவனுக்கு)

டேய் ஒல்லிக்குச்சி,

வாழைப்பழத்தை நீ சாப்பிடுகிறாயா, இல்லை அப்பனுக்குக் கொடுத்துவிடுகிறாயா? எடை வராத ஒரே காரணத்தால் உன் பெரியப்பன் சங்கத்து ஆளிடம் கெஞ்ச வேண்டியதாயிற்று. கடைசியில் ஒத்துக்கொண்டார். எண்பது பவுண்டு வந்ததும் நீ வந்து சேர்ந்துகொள்ளலாம், அதுவரை பத்துப் பேரோடு ஆடலாம். இடது கோடி உனக்காகக் காலியாக இருக்கும். வேறு எவனையும் அங்கே நிற்க விடமாட்டேன்.

வருகிற சனிக்கிழமை முதல் ஆட்டம். முடிவை எழுதுகிறேன். அதுவரை சாப்பிடு.

பெரியப்பா

ஹூஸ்டன்
அக்டோபர் 14

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்களும் பெரியம்மாவும் நல்லா இருக்கீங்களா? இந்தத் தடவை நானே எழுதறேன், கை கொஞ்சம் ஆடுது, அதனாலதான் கோணல்.

அஞ்சு ஆட்டமும் ஜெயிச்சாச்சு. பத்துப் பேரை வெச்சுக்கிட்டு எப்படி பெரியப்பா? இடது கோடியில யாரும் இல்லன்னு எதிராளிக்குத் தெரியாதா? டுவேன் ரொம்பப் பிரமாதமா எறியறான்னு எழுதியிருந்தீங்க. அவனுக்குத் தலைக்கனம் ஏறாமப் பாத்துக்குங்க. அவன் அவ்வளவு நல்லா எறிவான்னு எனக்குத் தோணல.

அடுத்த ஆட்டத்துல மழை பெய்யட்டும். எனக்குச் சேறு பிடிக்கும்.

பிரையன்

ஹார்லோ
1986 அக்டோபர் 21

பிரையன் துரைக்கு,

உன் கையெழுத்தில் கடிதம்! வீடு வீடாகக் காட்டிவிட்டு வந்தேன். கோணல் கிடக்கட்டும், உன் அப்பன் நேராக எழுதினதைக்கூட யாராலும் படிக்க முடியாது.

எதிராளிக்குத் தெரியாதா என்று கேட்கிறாயே, அதுதான் நம் தந்திரம். இடது கோடியில் ஒருத்தனும் இல்லையென்றால் எவன் நம்புவான்? எங்கேயோ ஒளிந்திருக்கிறான் என்று இரண்டு பேர் அங்கேயே காவல் நிற்கிறார்கள். நீ இங்கே இல்லாமலே இரண்டு பேரைக் கட்டிப்போடுகிறாய். வந்துவிட்டால் என்ன ஆகுமோ!

நீ கேட்டாற்போலவே சனிக்கிழமை கொட்டு கொட்டென்று கொட்டியது. மைதானம் முழுக்கக் கறுப்புச் சேறு. யார் எந்த அணி என்று தெரியவில்லை, ஒருத்தன் தன் அணிக்காரனையே கட்டிப்பிடித்து விழுந்தான். டுவேன் பந்தை எறிந்தான், பந்து வழுக்கிப் பின்னால் போய் நடுவரின் வயிற்றில் விழுந்தது. தலைக்கனத்துக்கு அதுவே மருந்து. கடைசியில் சேற்றோடு சேறாக எட்டுப் பேர் வழுக்கிக்கொண்டே எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள், பந்தும் அதற்குள் எங்கோ இருந்தது. ஆறு ஆட்டம், ஆறு வெற்றி.

நவம்பர் எட்டாம் தேதி கடைசி ஆட்டம், ஆற்றுக்கு அக்கரை வெல்டனோடு. முடிவைக் கேட்கக் காதைத் தீட்டி வைத்துக்கொள்.

பெரியப்பா,
எமில்

ஹூஸ்டன்
1986 டிசம்பர் 3

என் அண்ணனுக்கு,

பிரையனின் அடக்கம் முடிந்து நீங்கள் பஸ் ஏறிப் போனதிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை. ஊர் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. அண்ணியை அவ்வளவு தூரம் அலையவைத்துவிட்டோம். டார்லீன் இன்று கொஞ்சம் சாப்பிட்டாள்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பையன் தன் அப்பாவோடு வந்தான். அக்டோபர் தொடக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வந்துகொண்டிருந்தவன்தான். பள்ளிக்கூடத்துச் சிநேகிதன், பெயர் டேவி என்று பிரையன் எங்களிடம் சொல்லியிருந்தான். நானோ வேலையில் இருப்பேன், டார்லீன் அப்போதுதான் கொஞ்சம் கண்ணயர்வாள். இரண்டு பேரும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டே இருப்பார்களாம். நாங்கள் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

அவன் டுவேன் பெல், அண்ணா. ஃபுளோரிடா வேலை கைக்கு வராமல் செப்டம்பரிலேயே ஹூஸ்டனுக்கு வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிப் பெயரை அண்ணி கோயிலில் சொல்லியிருந்தது அவன் அம்மாவுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. மழை வேண்டும் என்று பிரையன் உங்களுக்கு எழுதினானே, அப்போது டுவேன் கட்டிலில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தானாம். தலைக்கனம் என்ற வரியைப் படித்துவிட்டுத் தலையணையால் அடித்தானாம்.

வந்த முதல் நாளே டுவேன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். லீக் இல்லை, ஆட்டம் இல்லை, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று. பிரையன் உங்கள் கடிதங்களை எடுத்து முதலிலிருந்து அவனுக்கு வாசித்துக் காட்டினானாம். அடக்கத்தன்று டுவேன் கோயில் வாசல் வரை வந்து, உங்களைப் பார்த்ததும் வெளியே போய் நின்றுகொண்டிருக்கிறான். உங்களிடம் சொல்ல மாட்டேன் என்று பிரையனுக்கு வாக்குக் கொடுத்திருந்தானாம். எங்களிடம் சொல்லவே அவனுக்கு இத்தனை நாள் ஆயிற்று.

பிரையன் சொன்னதை டுவேன் அப்படியே சொன்னான். "பெரியப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதடா. வரிசையா ஜெயிச்சிட்டு வர்றாரு, பாவம். நடுவுல நிறுத்திடப் போறாரு."

நாங்கள்தான் அவனைப் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அண்ணா.

வெல்டன் ஆட்டத்தின் முடிவு அவனுக்கு வந்து சேரவில்லை. அவன் போனது நவம்பர் ஆறாம் தேதி, ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு. நீங்கள் அதை எழுதி வைத்திருக்கிறீர்களா, தெரியாது. இல்லையென்றாலும் எழுதுங்கள். டுவேன் ஞாயிறுதோறும் வருகிறேன் என்றிருக்கிறான். எங்கள் மூன்று பேருக்கும் அது தெரிய வேண்டும்.

அண்ணிக்கு எங்கள் அன்பு. குளிரில் வெளியே அலையாதீர்கள்.

உங்கள் தம்பி,
லூயிஸ்